ஞாயிற்றுக்கிழமையும் அதே நேரம்

ஜூன் மாதம் பள்ளிகள் திறந்த இரண்டாவது வாரத்தில், எங்கள் குழந்தைகள் நலப் புறநோயாளிகள் பிரிவுக்கு வரும் தாய்மார்கள் கூறும் குறை ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். "காலையில் எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறான், டாக்டர். வேன் வந்து ஹாரன் அடிக்கிறது. தூக்கத்திலேயே சட்டை மாட்டி, தூக்கத்திலேயே பால் கொடுத்து அனுப்புகிறோம்." சிலர் இதை நேராகச் சொல்வதில்லை. காலையில் வயிற்றுவலி என்பார்கள், வேனில் வாந்தி என்பார்கள், எதற்கெடுத்தாலும் அழுகை என்பார்கள். வயிற்றை அழுத்திப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. விடுமுறையில் எத்தனை மணிக்கு எழுந்தான் என்று கேட்டால், "ஒன்பது, ஒன்பதரை" என்ற விடை தயங்கியபடி வரும். உடன் வந்திருக்கும் மாமியார் அந்த நேரத்தில் மருமகளை ஒரு பார்வை பார்ப்பார்.

அந்தப் பார்வைக்கும் சேர்த்தே இக்கட்டுரையை எழுதுகிறோம். பள்ளிக்கு முந்தைய பருவத்துக் குழந்தையின், அதாவது மூன்று முதல் ஐந்து வயது வரையிலான குழந்தையின் உறக்கத்தைச் சீர்செய்ய விரும்பும் வீட்டார் பெரும்பாலும் இரவிலிருந்தே தொடங்குகிறார்கள். எட்டரை மணிக்கு விளக்கை அணைத்து, கதை சொல்லி, தட்டிக்கொடுத்து, அதட்டி, கடைசியில் தாமே உறங்கிவிடுகிறார்கள். குழந்தை விழித்தபடி கிடக்கிறது. எங்கள் கருத்து இதற்கு மாறானது. முதலில் நிலைநிறுத்த வேண்டியது காலையில் எழும் நேரத்தை. அதை ஞாயிற்றுக்கிழமையிலும் விடுமுறையிலும் மாற்றாமல் காத்தால், இரவு உறங்கும் நேரம் இரண்டு மூன்று வாரங்களில் அதன் பின்னாலேயே வந்து சேரும். உறங்கு என்று குழந்தைக்குக் கட்டளையிட எவராலும் இயலாது. எழுப்புவது நம் கையில் இருக்கிறது.

இதன் காரணம் எளிது. உறக்கத்தை வரவழைப்பவை இரண்டு. ஒன்று, விழித்த நேரத்திலிருந்து சிறிது சிறிதாகச் சேர்ந்துகொண்டே வரும் களைப்பு. ஒன்பதரை மணிக்கு எழுந்த நான்கு வயதுக் குழந்தைக்கு இரவு எட்டரைக்குள் அந்தக் களைப்பு போதுமான அளவு சேர்ந்திருக்காது. நடுவே மாலை ஐந்து மணி வரை ஒரு பகல் உறக்கமும் நிகழ்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம். மற்றொன்று, மூளையின் அடிப்பகுதியில் கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே அமைந்துள்ள உயிர்க் கடிகாரம். பெரியவர்களிடம் செய்த அளவீடுகளில் அந்தக் கடிகாரத்தின் ஒரு நாள் சராசரியாக 24 மணியைவிடச் சற்றே நீண்டதாக இருக்கிறது. ஆகவே அதை நாள்தோறும் திருத்தி வைக்க வேண்டியிருக்கிறது. திருத்தும் கை, காலை வெளிச்சம். எழும் நேரம் நாளுக்கு நாள் மாறினால் வெளிச்சம் படும் நேரமும் மாறும். கடிகாரம் எந்த நேரத்தை நம்புவதென்று அறியாமல் தடுமாறும்.

உயிர்க் கடிகாரத்தின் மரபணு இயக்கத்தைக் கண்டறிந்ததற்காக 2017-ஆம் ஆண்டு மூன்று அமெரிக்க அறிவியலாளர்களுக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டதை வாசகர்கள் செய்தித்தாள்களில் படித்திருக்கலாம். நம் மாநிலத்திலேயே இத்துறைக்கு ஒரு பெரியவர் இருந்தார் என்பது பலருக்குத் தெரியாது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரன், இந்தியாவில் காலஉயிரியல் துறையை வளர்த்தவர். சூரியனும் கடிகாரமும் தெரியாத தனியறையில் மனிதர்கள் பல நாள் வாழ்ந்து பார்க்கும் ஆய்வை அவர் அங்கே நடத்தினார். எங்களுக்கு அதைவிடப் பிடித்தது அவரும் அவருடைய மாணவர்களும் வௌவால்களைக் கொண்டு செய்த சோதனை. வெளிச்சமே புகாத குகையில் ஒரு வௌவாலைக் கூண்டில் வைத்தார்கள். பகல் எது, இரவு எது என்று அதற்குத் தெரிய வழியில்லை. ஆயினும் அதே குகையில் வாழ்ந்த மற்ற வௌவால்கள் மாலையில் வெளியே பறந்து சென்று விடியலில் திரும்பிக்கொண்டிருந்த வரையில், கூண்டிலிருந்த வௌவாலும் அவற்றோடு ஒத்த நேரத்திலேயே சிறகடித்தது. கூட்டம் இல்லாத இடத்தில் வைத்தபோது அதன் நேரம் நாளுக்கு நாள் நழுவிப் போயிற்று. மனிதக் குழந்தைக்கு வெளிச்சமே முதன்மை என்பது உண்மைதான். எனினும் சுற்றி இருப்பவர்களின் நேரமும் ஓர் உயிருக்குக் கடிகாரம் ஆகலாம் என்பதை எண்ணும்போதெல்லாம், பத்தரை மணி வரை தொலைக்காட்சி ஓடும் எங்கள் நோயாளிகளின் வீட்டுக் கூடங்களும், எங்கள் வீட்டுக் கூடங்களும் நினைவுக்கு வருகின்றன.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கென வெளியிட்ட வழிகாட்டுதல், மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளுக்குப் பகல் உறக்கத்தையும் சேர்த்து நாளொன்றுக்கு 10 முதல் 13 மணி நேர உறக்கம் தேவை என்கிறது. பலர் அந்த எண்ணை மட்டும் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். அதே வரியில், உறங்கும் நேரமும் விழிக்கும் நேரமும் ஒழுங்காக இருக்க வேண்டும் என்றும் சொல்லப்பட்டிருக்கிறது. பத்து மணி நேரம் உறங்கினால் போதும், அது எப்போது உறங்கினால் என்ன என்று கேட்கும் தந்தையருக்கு இந்தப் பின்பாதியைத்தான் காட்டுகிறோம். கணக்கும் கடினமானதன்று. இரவு ஒன்பது மணிக்கு உறங்கிக் காலை ஏழு மணிக்கு எழுந்து, பிற்பகலில் ஒரு மணி நேரம் உறங்கினால் பதினொரு மணி நேரம் ஆயிற்று. எட்டு மணி வேனுக்கு ஏழு மணி எழுச்சி பொருந்தும். மெட்ரோ பணிகளால் லஸ், மந்தைவெளி, அடையாறு பக்கம் போக்குவரத்து சுற்றிப் போக வேண்டியிருந்து, வேன் ஏழரைக்கே வருமானால் ஆறரை. இதைவிட முன்னதாக எழுப்ப வேண்டும் என்று நாங்கள் கூறவில்லை. விடியற்காலை எழுவதை ஆத்திசூடியிலேயே அவ்வையார் சொல்லிவிட்டாரே என்று தாத்தாக்கள் நினைவூட்டுவதுண்டு. அக்காலத்தில் மாலையோடு ஊர் அடங்கியது என்பதையும் அவர்கள் சேர்த்து நினைவுகூர வேண்டும். பத்தரைக்கு உறங்கிய குழந்தையை ஐந்து மணிக்கு எழுப்புவது ஒழுக்கம் ஆகாது, உறக்கத்தைப் பறிப்பதே ஆகும்.

சென்னைக்கு இயற்கை தந்திருக்கும் வசதி ஒன்று உண்டு. இங்கே சூரியன் ஜூன் தொடக்கத்தில் ஏறத்தாழ 5.40-க்கும் ஜனவரி இறுதியில் ஏறத்தாழ 6.35-க்கும் உதிக்கிறது. ஆண்டு முழுவதிலும் வேறுபாடு ஒரு மணி நேரத்துக்குள்ளேயே அடங்குகிறது. ஆகவே ஏழு மணி என்பது இங்கே எந்த மாதத்திலும் நல்ல பகல் வெளிச்சம் உள்ள நேரம். ஒரே இந்திய நேரத்தைக் கடைப்பிடிக்கும் நாட்டின் மேற்குப் பகுதிகளுக்கு இந்த வசதி குறைவு. சூரியன் மறையும் நேரத்தையும் இந்தியச் சிறார்களின் உறக்கத்தையும் ஒப்பிட்ட பொருளியல் அறிஞர் மௌலிக் ஜக்னானி, அஸ்தமனம் ஒரு மணி நேரம் பிந்தினால் சிறார்களின் உறக்கம் ஏறக்குறைய அரை மணி நேரம் குறைகிறது என்று கண்டார். இருட்டுவது பிந்தினால் உறங்குவது பிந்துகிறது. பள்ளி மணியோ பிந்துவதில்லை. சென்னையில் ஆண்டின் எந்த நாளிலும் மாலை ஏழு மணிக்குள் இருட்டிவிடுகிறது. அந்த இருட்டை நாம்தான் குழல்விளக்காலும் கைப்பேசியாலும் ஒத்திப்போடுகிறோம்.

சிறு குழந்தையின் கண்ணுக்கு மாலை வெளிச்சம் எவ்வளவு வலியது என்பதற்கு ஒரு சான்று மட்டும் சொல்வோம். அமெரிக்காவின் கொலராடோவில் மூன்று முதல் ஐந்து வயது வரையிலான பத்துக் குழந்தைகளிடம் செய்யப்பட்ட ஆய்வு 2018-இல் வெளியாயிற்று. உறங்கும் நேரத்துக்கு முந்தைய ஒரு மணி நேரம் அவர்கள் பிரகாசமான ஒளிமேசையில் விளையாடினார்கள். உறக்கத்துக்கு ஆயத்தம் செய்யும் மெலடோனின் என்னும் சுரப்பு அவர்களிடம் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் குறைந்தது. விளக்கை அணைத்து ஐம்பது நிமிடம் ஆன பின்னும் பெரும்பாலான குழந்தைகளிடம் அது மீளவில்லை. பத்துப் பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். இருந்தாலும் "விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் ஆகிறது, இன்னும் உருண்டுகொண்டிருக்கிறாள்" என்று நாங்கள் கேட்கும் குறைக்கு அது நன்றாகவே பொருந்துகிறது.

காலை வெளிச்சம் நகரின் நடுவே எல்லா வீட்டுக்கும் கிட்டுவதில்லை என்பதையும் அறிவோம். தியாகராய நகரின் உள் தெருக்களில் அடுத்த கட்டடத்தின் சுவர் நம் சன்னலை ஒட்டியே நிற்கும். குளிர்சாதன அறையில் கனத்த திரைகள் தொங்கும். விடிந்தது என்பதே உள்ளே உறங்கும் குழந்தைக்குத் தெரியாது. மே மாதத்தில் இரவிலும் வெப்பம் 28 பாகைக்குக் கீழே இறங்காத ஊரில் குளிர்சாதனத்தை அணைத்துவிடச் சொல்லும் துணிவு எங்களுக்கு இல்லை. திரையை மட்டும் விலக்குங்கள். சன்னலில் சுவர்தான் தெரியுமென்றால் குழந்தையைப் பத்து நிமிடம் மொட்டை மாடிக்கோ, தெருமுனை ஆவின் பூத்துக்கோ அழைத்துச் செல்லுங்கள். மேகமூட்டமான காலையிலும் திறந்தவெளியின் ஒளி, அறையின் குழல்விளக்கைவிடப் பல மடங்கு மிகுதியானது. லஸ் பக்கம் இருப்பவர்களுக்கு நாகேசுவர ராவ் பூங்காவும், தியாகராய நகரில் நடேசன் பூங்காவும், அடையாற்றில் இருப்பவர்களுக்குப் பெசன்ட் நகர்க் கடற்கரையும் ஓய்வு நாள்களில் எட்டும் தொலைவில்தான் இருக்கின்றன.

இனி அந்த மாமியாரின் பார்வைக்கு வருவோம். குழந்தை எழவில்லை என்றால் அம்மா சரியில்லை என்ற தீர்ப்பை நாங்கள் ஏற்பதில்லை. பழைய மகாபலிபுரம் சாலையில் வேலை பார்க்கும் தந்தை வீடு சேர்வது ஒன்பதரை மணி. அவர் வந்தபின் குழந்தை குதித்து எழுகிறது. அவரும் நாள் முழுவதும் பார்க்காத பிள்ளையோடு விளையாடுகிறார். அதைத் தவறென்று எப்படிச் சொல்வது? கூடத்தில் தாத்தாவுக்குச் செய்தி, பாட்டிக்குத் தொடர், அக்காவுக்கு வீட்டுப்பாடம். இத்தனை பேரும் விழித்திருக்கும் வீட்டில் ஒரு குழந்தையை மட்டும் உறங்கச் செய்யும் பொறுப்பும், மறுநாள் அதை எழுப்பும் பொறுப்பும், எழாவிட்டால் பழியும் ஒருத்தியின் தலையில் விழுகின்றன. குழந்தையின் எழும் நேரம் வீட்டின் பொதுச் சொத்து. அதனால்தான் தந்தையிடம் நாங்கள் வேறொன்றைக் கேட்கிறோம். இரவு விளையாட்டைக் காலைக்கு மாற்றுங்கள். ஏழு மணிக்கு எழுப்புபவர் நீங்களாக இருங்கள். எழுந்தால் அப்பா இருப்பார் என்பதைவிடச் சிறந்த காரணம் எழுவதற்கு ஒரு குழந்தைக்குக் கிடைக்காது.

"தூங்குகிற குழந்தையை எழுப்பாதே" என்று பாட்டிமார்கள் சொல்வதையும் நாங்கள் ஒதுக்கித் தள்ளுவதில்லை. காய்ச்சல் கண்ட குழந்தைக்கும், அறுவை முடிந்து வீடு திரும்பிய குழந்தைக்கும், தடுப்பூசி போட்ட மறுநாள் சோர்ந்திருக்கும் குழந்தைக்கும் அந்தச் சொல் மருத்துவச் சொல்லே. அவர்களை உறங்க விடுங்கள். நல்ல உடல்நிலையில் உள்ள குழந்தை நாள்தோறும் ஒன்பது மணி வரை உறங்குவதற்கு அந்தச் சொல்லைத் துணைக்கு அழைப்பதைத்தான் மறுக்கிறோம். எழுப்புவது நம் மரபுக்கு அன்னியமானதும் அன்று. மார்கழியில் மயிலை மாட வீதிகளில் ஒலிக்கும் திருப்பாவையில் ஆறாம் பாசுரம் முதல் பதினைந்தாம் பாசுரம் வரை பத்துப் பாசுரங்கள் உறங்கும் தோழியரை எழுப்புவதற்கே செலவாகின்றன. அங்கே எவரும் யார் மீதும் தண்ணீர் தெளிக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கெஞ்சலும் கேலியும் உண்டு, பொறுமையும் உண்டு.

ஒன்பது மணிக்கு எழும் குழந்தையை ஒரே நாளில் ஏழு மணிக்கு இழுக்க முயன்றால் வீடு போர்க்களமாகும். இரண்டு மூன்று நாள்களுக்கு ஒருமுறை கால் மணி நேரம் முன்னதாக எழுப்பிக்கொண்டு வாருங்கள். இரண்டு மணி நேரத்தைக் குறைக்க மூன்று வாரங்கள் ஆகும். ஆகவே ஜூனில் பள்ளி திறக்குமுன் மே மாத நடுவிலேயே தொடங்கிவிட வேண்டும். எழுப்பத் தொடங்கியதும் முதல் கால் மணி, சில வேளை அரை மணி, குழந்தை எரிச்சலாகவே இருக்கும். உறக்கத்திலிருந்து மூளை முழுமையாக மீள அவ்வளவு நேரம் பிடிக்கிறது. இது அடம் அன்று. அந்த நேரத்தில் கேள்வி கேட்காமல், பல் தேய்க்க விரட்டாமல், திரையை விலக்கி, முதுகைத் தடவி, "ராஜா, வெளிச்சம் வந்துவிட்டது" என்று சொல்லிவிட்டு அருகிலேயே இருந்தால் போதும். வேன் வருவதற்குப் பதினைந்து நிமிடம் முன்பு எழுப்பும் வீட்டில் இதற்கு இடமே இல்லை. ஒரு மணி நேரமாவது வேண்டும். எழுந்ததும் செய்ய ஒரு சிறு வேலையைக் குழந்தைக்கென்றே ஒதுக்குங்கள். வாசலில் கிடக்கும் செய்தித்தாளை எடுத்துவந்து தாத்தாவிடம் கொடுப்பது, துளசிக்குத் தண்ணீர் ஊற்றுவது, பாட்டி போட்ட கோலத்துக்கு நடுவே ஒரு புள்ளி வைப்பது என எதுவாயினும் சரி. வேண்டாம் என்று நாங்கள் உறுதியாகச் சொல்வது ஒன்றே ஒன்று: கைப்பேசியில் படம் காட்டி எழுப்புவது. அது எழுப்பும், மறுக்கவில்லை. ஆனால் மறுநாள் முதல் கைப்பேசி இல்லாமல் எழாது. ஐந்து வயது வரையிலான குழந்தைக்கு நாளொன்றுக்குத் திரை நேரம் ஒரு மணிக்கு மேற்படக் கூடாது என்று இந்தியக் குழந்தை மருத்துவக் கழகம் சொல்லும் கணக்கில், அரை மணி காலையிலேயே தீர்ந்துவிடும்.

பிற்பகல் உறக்கத்தை மூன்றரை மணிக்குள் முடித்துவிடுவது நல்லது. ஐந்து வயதை நெருங்கும் குழந்தைகள் பலருக்கு அது தேவைப்படுவதும் இல்லை.

விடுமுறை நாள்கள்தான் கடினம். ஐந்து நாள் கட்டியதைச் சனியும் ஞாயிறும் இடித்துவிடுகின்றன. அரை மணி வரை தளர்வு தரலாம், அதற்கு மேல் வேண்டாம் என்பது எங்கள் கணிப்பு. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இன்னொரு வேடிக்கை நடக்கும். விடுமுறை அறிவிப்பு வருமா என்று விடியற்காலையிலேயே வீடு முழுவதும் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருக்கும்; அறிவிப்பு வந்ததும் அனைவரும் மீண்டும் படுக்கப் போய்விடுவார்கள், குழந்தையும் சேர்ந்து. அன்றும் ஏழு மணிக்கு எழுப்பிவிட்டு மழையைக் காட்டுங்கள். பங்குனியில் அறுபத்து மூவர் உற்சவம் பார்த்துவிட்டு நேரம் கழித்து வருவதையோ, தீபாவளிக்கு முன் ரங்கநாதன் தெருவில் குழந்தையைத் தோளில் சுமந்தபடி பத்து மணி வரை அலைவதையோ நாங்கள் குறை கூறப் போவதில்லை. ஓர் இரவு பிந்தினால் கடிகாரம் உடைந்துவிடாது. மறுநாள் எழுப்பும் நேரத்தை விட்டுக்கொடுக்காமல், பிற்பகல் உறக்கத்தில் கடனைத் தீர்த்துக்கொள்ளலாம்.

இதுவரை சொன்னது நலமாக உள்ள வீடுகளுக்கு. இந்த இதழை வாசிப்பவர்களின் வீடுகளில் பெரும்பாலும் யாரோ ஒருவர் நோயுற்றிருக்கிறார். அந்த வீட்டுச் சிறு குழந்தையைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

எங்களிடம் வந்த ஒரு குடும்பத்தைப் பற்றி, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சொல்கிறோம். மயிலாப்பூர்ச் சந்து ஒன்றில் வசிப்பவர்கள். தந்தைக்குச் சிறுநீரகச் செயலிழப்பு; வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ், அதுவும் அதிகாலை முதல் முறையில். அந்த மூன்று நாளும் நான்கு வயது மகளை நாலரை மணிக்கு எழுப்பி, ஆட்டோவில் சித்தி வீட்டில் விட்டுவிட்டுத்தான் தாய் கணவரை அழைத்து வர வேண்டும். மற்ற நாள்களில், பாவம் உறங்கட்டும் என்று ஒன்பது மணி வரை விட்டுவிடுவார். குழந்தை யாரோடும் பேசாமல் போயிற்று. மழலையர் வகுப்பில் மேசை மீது தலை வைத்து உறங்கியது. பக்கத்துக் குழந்தையைக் கடித்தது. ஆசிரியை சொல்லி அனுப்பியதும், அப்பாவின் நோயை எண்ணிக் குழந்தை ஏங்குகிறது என்று தாய் கருதினார். ஏக்கமும் இருந்திருக்கும். ஆனால் அந்தக் குழந்தையின் எழும் நேரம் ஒன்றுவிட்டு ஒரு நாள் நாலரை மணி நேரம் முன்னும் பின்னுமாக ஆடிக்கொண்டிருந்தது. விமானத்தில் கிழக்கும் மேற்குமாக வாரம் மூன்று முறை பறப்பவரின் உடல் படும் பாட்டை அது வீட்டுக்குள்ளேயே பட்டுக்கொண்டிருந்தது.

டயாலிசிஸ் நேரத்தை உடனே மாற்ற எங்களால் இயலவில்லை. பிற்பகல் முறையில் இடம் இல்லை. மாற்றியது வேறொன்றை. குழந்தை சித்தி வீட்டுக்குப் போவதற்குப் பதிலாக, அந்த மூன்று நாள்களுக்கு முந்தைய இரவு சித்தி இங்கே வந்து படுத்தார். குழந்தை தன் பாயிலேயே உறங்கிற்று. ஏழு மணிக்குச் சித்தி எழுப்பினார். மற்ற நாள்களில் அதே ஏழு மணிக்கு அம்மா எழுப்பினார். எழுந்ததும் அம்மா எங்கே என்று தேடி அழுமே என்ற அச்சம் எல்லோருக்கும் இருந்தது. முதல் வாரம் அழுதது. அதனால் இரவே, "நாளைக் காலை சித்தி எழுப்புவாள், அம்மா அப்பாவோடு ஆஸ்பத்திரி போயிருப்பேன், பகலில் வருவோம்" என்று சொல்லி உறங்க வைக்கச் சொன்னோம். ஒரு மாதத்தில் வகுப்பில் உறங்குவது நின்றது. தந்தையின் நோய் அப்படியேதான் இருக்கிறது. குழந்தை இப்போது அவரிடம் ஊசி வலித்ததா என்று கேட்கிறதாம்.

எல்லா வீட்டிலும் ஒரு சித்தி கிடைப்பாள் என்று நாங்கள் எண்ணவில்லை. எதிர்வீட்டு மாமி, வீட்டு வேலைக்கு வரும் அக்கா, மூத்த பிள்ளை என ஒருவரை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்கிறோம். வீட்டில் ஒருவர் மருத்துவமனையில் சேரும்போது பையில் என்னென்ன எடுத்துக்கொள்வது என்று யோசிப்பதைப் போல, வீட்டிலிருக்கும் குழந்தையை நாளைக் காலை ஏழு மணிக்கு எழுப்பப் போவது யார் என்றும் யோசியுங்கள்.

குழந்தையே நோயாளியாக இருக்கும் வீடுகளில் எழும் நேரம் என்பது மருந்து நேரமும் ஆகும். பிறவியிலேயே தைராய்டு குறைவுள்ள குழந்தைக்கு மாத்திரையை வெறும் வயிற்றில் கொடுத்துச் சிறிது நேரம் கழித்துத்தான் உணவு தர வேண்டும். வலிப்பு நோய்க்கான மருந்துகள் பலவற்றை பன்னிரண்டு மணி நேர இடைவெளியில் கொடுக்கிறோம். உறக்கக் குறைவே சில குழந்தைகளுக்கு வலிப்பைத் தூண்டுவதும் உண்டு. சிறுநீரில் புரதம் இழக்கும் நோய்க்குத் தரும் ஸ்டீராய்டு மாத்திரையைக் காலை உணவோடு கொடுப்பதே வழக்கம். மாலைக்குத் தள்ளினால் இரவு உறக்கம் கெடலாம். இன்சுலின் போட்டுக்கொள்ளும் குழந்தைக்குக் காலை உணவின் நேரம் எவ்வளவு முக்கியம் என்பதை அதன் பெற்றோருக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. ஞாயிறன்று ஒன்பதரை வரை உறங்கும் குழந்தைக்கு இவை யாவும் இரண்டரை மணி நேரம் நழுவுகின்றன. ஆனால் எழும் நேரத்தை மாற்றத் தொடங்குமுன் மருந்து நேரத்தை எப்படி நகர்த்துவது என்று உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நீங்களாக நகர்த்த வேண்டாம்.

எல்லாம் செய்தும் எழாத குழந்தைகள் சிலர் உண்டு. பதினொரு மணி நேரம் உறங்கியும் எழுப்ப முடியவில்லை, பெரும்பாலான இரவுகளில் குறட்டை விடுகிறது, வாயைத் திறந்தே மூச்சு விடுகிறது, இடையிடையே மூச்சு நின்று திணறுகிறது என்றால் அது பழக்கத்தின் குறை அன்று. மூக்கின் பின்புறமுள்ள அடினாய்டு சதையோ உள்நாக்குச் சதையோ இந்த வயதில் பெருத்து மூச்சுவழியை அடைப்பது அடிக்கடி காணக்கூடியது. உறங்கும்போது கைப்பேசியில் ஒரு நிமிடம் படம் பிடித்து வந்து காட்டினால் எங்களுக்குப் பேருதவி. கைப்பேசிக்கு இந்த ஒரு வேலையை மகிழ்ச்சியோடு தருகிறோம். இரவெல்லாம் காலை உதறிப் புரளும் குழந்தைக்கும், வெளிறிய நாக்குள்ள குழந்தைக்கும், சுவரையும் சாக்பீசையும் சுரண்டித் தின்னும் குழந்தைக்கும் இரும்புச்சத்துக் குறைவைப் பரிசோதிக்க வேண்டும். ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. வசதியான வீடுகளிலும் அது இருக்கிறது. இன்னொன்று: உறங்குவதற்கென்று சளி மருந்தையோ, கடையில் கிடைக்கும் மெலடோனின் சொட்டு மருந்தையோ நீங்களாகக் கொடுக்க வேண்டாம். கொடுத்துவிட்டு எங்களிடம் மறைக்கவும் வேண்டாம்; நாங்கள் கோபித்துக்கொள்வதில்லை.

மற்றவர்களுக்கு இவ்வளவு சொல்லும் நாங்கள் எங்கள் பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். பல ஆண்டுகளாக எங்கள் குழந்தைகள் வார்டில் விடியற்காலை ஐந்து மணிக்கு எல்லா விளக்குகளும் எரியும். மருத்துவர் சுற்றுக்கு வருமுன் முடிவுகள் கையில் இருக்க வேண்டும் என்பதற்காக அந்த நேரத்திலேயே குருதி எடுப்போம், வெப்பம் பார்ப்போம், எடை பார்ப்போம். வீட்டில் ஒழுங்காக எழுந்துகொண்டிருந்த குழந்தை ஒரு வாரம் இங்கே தங்கிவிட்டுப் போனபின் நேரம் கெட்டு நிற்கிறது என்று ஒரு பாட்டி எங்களிடம் நேராகவே கேட்டார். விடை சொல்ல இயலவில்லை. அவசரமற்ற குருதிப் பரிசோதனைகளை இப்போது ஆறரை மணிக்குப் பின் வைத்திருக்கிறோம். இரவு ஒன்பது மணிக்கு மேல் பொது விளக்குகளை அணைத்துவிட்டு, தேவைப்படும் கட்டிலுக்கு மட்டும் சிறு விளக்கை ஏற்றுகிறோம். தீவிர சிகிச்சைப் பிரிவில் இன்னும் இதைச் செய்ய முடியவில்லை. அங்கே ஒவ்வொரு மணியும் கணக்கு.

குழந்தையை உள்நோயாளியாகச் சேர்க்கும்போது, வீட்டில் அது வழக்கமாக எழும் நேரத்தை இரவுப் பணியிலுள்ள செவிலியரிடம் சொல்லுங்கள். கட்டிலின் கால்மாட்டில் தொங்கும் அட்டையில், ஒவ்வாமைக்கான கட்டத்துக்குக் கீழே, அதை எழுத இப்போது ஓர் இடம் விட்டிருக்கிறோம்.